அசைன்மெண்டும் செயற்கை நுண்ணறிவும்

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின், அகமதிப்பீட்டுக்காக நாம் எழுதும் அசைன்மெண்டை நொடியில் எழுதித் தரும் இயந்திரம் கைப்பேசிக்குள்ளேயே வந்துவிட்டது. அதைத் தடுத்துவிடலாமே என்பர் சிலர். விடியுமுன் ஜீப்பேறி ஏலத்தோட்டம் செல்லும் தாய்மாரின் பிள்ளைகளாகிய நமக்கு, இரவில் ஐயம் கேட்க வேறு யாருளர்? (சிலவேளை அது துணிந்து தவறும் சொல்லும்!) எனவே மாற வேண்டியது மதிப்பிடும் முறையே. போடியில் ஏலக்காய் ஏலம் இன்று கணினி வழியே நடக்கிறது. எனினும் வியாபாரி மாதிரிக் காயைப் பார்த்தே விலை கேட்கிறார். அதுபோல், எழுதியதை வாங்கிய பேராசிரியர் மாணவனை 5 நிமிடம் வினவட்டும். செய்முறைத் தேர்வின் வாய்மொழி வினா நமக்குப் பழக்கந்தானே! 60 பேர் கொண்ட வகுப்புக்கு 5 மணி நேரமாகும். அதற்கேற்ப ஆசிரியர் பணியிடங்களை நிரப்புதல் வேண்டும்.