வண்ணம் பூசிய சன்னல்கள்

வியாழக்கிழமை நண்பகலில் எடின்பரோவின் ஹோலிரூட் பேரவை நிரம்பிவிடும். ஸ்காட்லாந்தின் முதல் அமைச்சரிடம் உறுப்பினர்கள் கேள்வி கேட்கும் நேரம் அது. மருத்துவமனைக் காத்திருப்புப் பட்டியல் ஏன் நீள்கிறது என்று எதிர்க்கட்சித் தலைவர் கேட்டால், அந்தக் கட்சி லண்டனில் ஆண்ட லட்சணம் பதிலாக வரும். கைதட்டல், கேலி, மாலைச் செய்தியில் அரை நிமிடம். சொன்னது கேள்விக்கான பதில்தானா என்று தீர்ப்புச் சொல்வது சபாநாயகரின் வேலை இல்லை. 1999-ல் அதிகாரப் பகிர்வோடு பிறந்த இந்த 129 பேர் சபைக்கு அரைவட்டமாக இருக்கை போட்டதே, வெஸ்ட்மின்ஸ்டர் பாணியில் எதிரெதிரே உட்கார்ந்து மல்லுக்கட்ட வேண்டாம் என்றுதான். நாற்காலிகளை வளைத்ததோடு சரி.

அரசைக் கேள்வியால் மடக்க வேண்டுமானால் கேள்வி ஒரு கோப்பைக் குறிவைக்க வேண்டும். இதற்குக் கிளைட் நதிக்கரையில் கட்டிய இரண்டு பயணிகள் கப்பல்களைவிட நல்ல சாட்சி கிடையாது. 2015-ல் 9.7 கோடி பவுண்டுக்கு ஒப்பந்தம். 2018-ல் ஓடியிருக்க வேண்டும். 2017 நவம்பரில் முதல் கப்பலை அப்போதைய முதல் அமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் வெள்ளோட்டம் விட்டபோது, கப்பலை இயக்கும் அறையில் கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் சன்னல் போல வண்ணம்தான் பூசியிருந்தது. அந்தக் கப்பல் பயணிகளை ஏற்றியது 2025 ஜனவரியில். செலவோ நான்கு மடங்கைத் தாண்டிவிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பேரவையில் இதைப் பற்றிக் கூச்சலுக்குக் குறைவே இல்லை. ஆனால் 2022 மார்ச்சில் தணிக்கைத் துறைதான் விரல் வைத்துக் காட்டியது: கப்பலை வாங்கும் அரசு நிறுவனமே பணம் திரும்பக் கிடைக்க முழு உத்தரவாதம் இல்லையென்று எச்சரித்த பிறகும் அமைச்சர்கள் ஒப்பந்தத்துக்கு ஏன் துணிந்தார்கள் என்பதற்குப் போதிய ஆவணம் இல்லை. இன்ன காகிதம் எங்கே என்று கேட்டால் தொழிற்கட்சி, கன்சர்வேடிவ் என்று யாரையும் திட்டித் தப்பிக்க முடியாது. அதே ஆண்டு மே மாதத்தில், அமைச்சரின் சம்மதத்தைப் பதிவு செய்த பழைய மின்னஞ்சல் ஒன்று வெளியே வந்தது.

வியாழக்கிழமைச் சத்தம் இல்லாவிட்டால் அந்தத் தணிக்கை அறிக்கையை யார் படித்திருப்பார்கள் என்று கேட்கலாம். நியாயம்தான், அறிக்கைக்குச் சூடு ஏற்றியது சபைதான். அதற்கு முன்பு இருந்த சத்தம் பிடிமானம் இல்லாத சத்தம் என்பதே என் வாதம். அப்படியானால் கேள்வியைப் பேரவைக் குழுக்களிடம் விடலாமே என்றால், அங்கேயும் ஆளுங்கட்சியினர் உட்கார்ந்திருக்கிறார்களே, மேலவையும் கிடையாதே என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். கட்சி விசுவாசம் குழு அறை வாசலில் செருப்போடு கழன்றுவிடாது. ஆனாலும் 2021-ல் அமைந்த பொதுத் தணிக்கைக் குழுவுக்குத் தலைவர் எதிர்க்கட்சியான தொழிற்கட்சியைச் சேர்ந்தவர். ஒரே சாட்சியை மணிக்கணக்கில் உட்கார வைத்து, துணைக் கேள்விக்கு மேல் துணைக் கேள்வி கேட்க அங்கே நேரம் உண்டு. எழுத்துமூலக் கேள்விகளிலும் மழுப்பல் வரும். ஆனால் மழுப்பியது பதிவில் இருக்கும், அடுத்த கேள்வியை அதிலிருந்தே தொடங்கலாம். கப்பல் விவகாரத்தில் இன்னும் அந்த அடுத்த கேள்வி மிச்சம் இருக்கிறது. ஒப்புதல் தந்தது யார் என்பதை மின்னஞ்சல் சொல்லிவிட்டது. எச்சரிக்கையை மீறி ஏன் தந்தார் என்பது அதில் இல்லை.