‘மெத்தட்’, ‘மெத்தடாலஜி’: முறையும் முறையியலும்

திறவுச்சொற்கள்: ஆய்வு முறை, முறையியல், மூலபாடம், பாடவேறுபாடு, கலைச்சொல்

முன்னுரை

தமிழ் ஆய்வேடுகளின் முன்னுரை இயலில் ‘ஆய்வு முறையியல்’ என்னும் தலைப்பு தவறாமல் இடம்பெறுகிறது. அதன்கீழ்ப் பெரும்பாலும் ஒரே தொடர்தான் காணப்படுகிறது: விளக்கமுறை, ஒப்பீட்டு முறை, பகுப்பாய்வு முறை ஆகியன பின்பற்றப்பட்டுள்ளன என்பது அத்தொடர். தலைப்பு ‘மெத்தடாலஜி’யைக் குறிக்கிறது, உள்ளே இருப்பவை ‘மெத்தட்’களின் பெயர்கள். இவ்விரு ஆங்கிலச் சொற்களின் பொருள் வேறுபாட்டை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

சொல்லும் பொருளும்

‘மெத்தட்’ என்பதன் மூலம் கிரேக்கம். அதிலுள்ள ‘ஹோடோஸ்’ என்பதற்கு வழி என்பது பொருள். தமிழில் ‘நெறி’ என்பதும் வழியையே குறிப்பதால் ‘ஆய்வு நெறி’ என்னும் வழக்கு மூலச்சொல்லுக்கு மிக நெருக்கமானது எனலாம். தரவைத் திரட்டவும் வகைப்படுத்தவும் கையாளும் செயலே முறை. நேர்காணல், சொல்லடைவு உருவாக்கம், சுவடி ஒப்பீடு ஆகியன முறைகள். ‘மெத்தடாலஜி’யோ அம்முறைகளைப் பற்றிய ஆராய்ச்சி. இந்த வினாவுக்கு இந்த முறை ஏன் பொருந்தும், அது எதைக் காட்டும், எதைக் காட்டாது என்னும் நியாயங்களை அது பேசுகிறது. மொழி, மொழியியல் ஆகியவற்றிடையே உள்ள உறவே முறை, முறையியல் ஆகியவற்றிடையேயும் உள்ளது.

ஒரு துறைக்குரிய முறைகளின் தொகுதி என்ற பொருளையும் ஆங்கில அகராதிகள் ‘மெத்தடாலஜி’க்குத் தருகின்றன. குழப்பத்தின் வேர் அங்கேயே இருக்கிறது. தமிழாய்வாளரை மட்டும் குறைகூறுவதற்கில்லை.

புறநானூற்றுச் சான்று

உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். அதன் மூலபாடத்தை இன்று ஆராயும் ஒருவர் கிடைக்கும் சுவடிகளையும் பதிப்புகளையும் ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளைப் பட்டியலிடுவது முறை. அவற்றுள் ஒன்றை ஏற்று மற்றொன்றை விலக்குவதற்கான அடிப்படை முறையியலைச் சார்ந்தது. பெரும்பான்மைச் சுவடிகளின் பாடத்தை ஏற்பதாகக் கொள்வோம். ஐந்து சுவடிகளுள் நான்கு ஒரே தாய்ச்சுவடியின் படிகளாயின், அந்நான்கும் ஒரு சான்றாகவே எண்ணப்பட வேண்டும். பழைய உரைகாரர் கொண்ட பாடத்தை ஏற்பதாயின் வேறொரு சிக்கல் எழுகிறது. அவ்வுரை முதல் 266 பாடல்களுக்கே கிடைக்கிறது. எஞ்சிய பாடல்களில் யாப்பு, இலக்கண வழக்கு, பிற சங்கப் பாடல்களின் ஒப்புமைத் தொடர்கள் ஆகியவற்றையே துணைகொள்ள நேர்கிறது. அப்போது ஒரே நூலின் இரு பகுதிகளுக்கு இருவேறு அளவுகோல்கள் அமைகின்றன. ஆய்வாளர் இதனை வெளிப்படையாகக் கூறாவிடில், நூல் முழுவதும் ஒரே உறுதிப்பாட்டுடன் மூலபாடம் தீர்மானிக்கப்பட்டதாகப் படிப்பவர் எண்ணிவிடுவார். ‘ஒப்பீட்டு முறை’ என்னும் பெயர் இச்சிக்கலை ஒருபோதும் வெளிக்காட்டாது.

தொல்காப்பிய மரபியல் 32 உத்திகளைத் தொகுத்துரைக்கிறது. அவை நூல் யாக்கும் உத்திகளாதலால் இன்றைய ஆய்வு முறையியலுக்கு நேர்நிகராக அவற்றைக் கொள்வது மிகை. எனினும் செய்நெறியைத் தனியே எண்ணிப் பார்க்கும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று.

முறைகளை மட்டும் பட்டியலிடும் பகுதிக்கு ‘ஆய்வு முறைகள்’ என்று தலைப்பிடலாம், அது குறையாகாது. ‘முறையியல்’ என்று தலைப்பிட்டால், தேர்ந்த முறை எந்த இடத்தில் தமக்கு உதவாமற் போயிற்று என்பதையும் ஆய்வாளர் அங்கே எழுத வேண்டும். வாய்மொழித் தேர்விலும் புறத்தேர்வாளர் முதலில் கேட்பது பெரும்பாலும் அதைத்தான்.