கம்பளத்துக்கு அடியில் ஒரு காடு!

அமெரிக்காவில் பழைய வீடு வாங்குகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சாவி கைக்கு வந்ததும் நேராக அறை மூலைக்குப் போவார்கள். சுவரோரத்தில் தரைக் கம்பளத்தின் நுனியைக் குறட்டால் பிடித்து மெல்லத் தூக்குவார்கள். அடியில் என்ன இருக்கிறது?

சில வீடுகளில் வெறும் ஒட்டுப் பலகைதான் இருக்கும். அதிர்ஷ்டம் உள்ளவர்களுக்கோ, தேன் நிறத்தில் வைரம் பாய்ந்த பலகைத் தரை! நூறு வருஷத்துக்கு முன் தச்சன் அடித்த ஆணியோடு அப்படியே கிடக்கும்.

நம் ஊரில் மரத் தரை அபூர்வம். பழைய மச்சு வீடுகளிலும், மலைவாசஸ்தல பங்களாக்களிலும் பார்க்கலாம். அமெரிக்காவில் வீட்டையே மரத்தால் எழுப்புவது சகஜம். சுவருக்குள் மரம், கூரைக்கு மரம், காலுக்கடியிலும் மரம்.

அவ்வளவு நல்ல தரையை எதற்காக மூடினார்கள்?

நாகரிகம்தான் காரணம். 1860-களில் பிரெடரிக் வால்டன் என்ற இங்கிலாந்துக்காரர் லினோலியம் என்ற விரிப்பைக் கண்டுபிடித்தார். ஆளி விதை எண்ணெயைக் கெட்டியாக்கி, தக்கைத் தூளைச் சேர்த்து, முரட்டுத் துணியில் அழுத்திச் செய்தது. ஈரத் துணியால் ஒரு தடவை துடைத்தால் போதும், பளபளக்கும். சமையலறைப் பலகைகள் அதற்கடியில் மறைந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜார்ஜியா மாநிலத்து டால்டன் நகரிலிருந்து யந்திரத்தில் செய்த கம்பளங்கள் மலிவாக வந்து குவிந்தன. சுவருக்குச் சுவர் கம்பளம் விரிப்பது அந்தஸ்து ஆயிற்று. மரத் தரை ஏழை வீட்டு அடையாளம் ஆகிவிட்டது!

மூடியவர்களைத் திட்டிப் பயனில்லை. அவர்கள் மூடிவைத்ததால்தான் பல தரைகள் பிழைத்தன.

புல்லாகப் பிறந்து வைரமான மரம்

அந்நாட்டின் தென் மாநிலங்களில் பழைய வீடுகளின் தரை பெரும்பாலும் ஒரே மரம்தான். நீள ஊசியிலைப் பைன் என்பது அதன் பெயர். அந்த மரத்தின் வைரத்தைத்தான் தச்சர்கள் தேடிப் பிடித்தார்கள்.

இந்த மரத்தின் பிறப்பே விசித்திரம். முளைத்த பிறகு சில வருஷங்கள் வரை அது மரமாகவே தெரியாது. தரையில் ஒரு புல் குத்து போலக் கிடக்கும். மேலே வளராமல் வேரை மட்டும் ஆழமாக இறக்கிக் கொண்டிருக்கும். காட்டுத் தீ வந்தால் நுனி கருகும். குருத்து பிழைத்துக் கொள்ளும். வேர் பிடித்த பிறகுதான் கிடுகிடுவென்று உயரும். அப்புறம் பருமனாவதற்கு அவசரமே கிடையாது. பழங்காட்டு மரத்தில் ஓர் அங்குலத்துக்குள் 20, 30 வளையங்கள் கூட எண்ணலாம். ஒவ்வொரு வளையமும் ஒரு வருஷம்! இன்று தோட்டத்தில் வேகமாக வளர்க்கும் பைனில் அதே அங்குலத்தில் நாலைந்து வளையம் இருந்தாலே அதிகம்.

வெர்ஜீனியாவிலிருந்து டெக்சாஸ் வரை சுமார் 9 கோடி ஏக்கரில் இந்தக் காடு இருந்தது. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரயில் வந்தது. நீராவி வாள் வந்தது. 1930-க்குள் ஏறக்குறைய எல்லாம் வெட்டி முடிந்தது. பிறகு 100-க்கு 3 பங்குதான் மிச்சம் என்ற நிலை வந்தது. இப்போது மீண்டும் நடுகிறார்கள். ஆனால் முந்நூறு வருஷத்து மரத்துக்கு முந்நூறு வருஷம் காத்திருக்க வேண்டுமே!

ஆகவே அந்தப் பலகை வேண்டுமென்றால் இரண்டே வழி. இடித்த பழைய ஆலைகளிலிருந்து உத்தரங்களை வாங்கி அறுக்கலாம். அல்லது ஆற்றுக்குள் இறங்கலாம். அந்தக் காலத்தில் மரங்களை ஆற்றில் மிதக்கவிட்டு அனுப்பியபோது கனமான கட்டைகள் பல மூழ்கிப் போயின. நூறு வருஷம் சேற்றில் கிடந்தும் கெடவில்லை. ஜார்ஜியா, புளோரிடா ஆறுகளில் முக்குளித்து அவற்றைத் தூக்கி விற்கிறார்கள்.

கம்பளத்தின் கீழே கிடப்பது அந்தக் காட்டின் மிச்சம். இது தெரியாமல் யந்திரத்தை எடுப்பவர்களால்தான் விபரீதம் நேர்கிறது.

சனிக்கிழமை வீரர்கள்

தரையைத் தேய்க்கும் யந்திரம் கடையில் வாடகைக்குக் கிடைக்கும். பெரிய உருளை, அதன் மேல் முரட்டு உப்புத்தாள் சுற்றியிருக்கும். முதலில் 36-ம் எண் தாள், பிறகு 60, கடைசியில் 100 என்று படிப்படியாக நைஸ் ஆக்க வேண்டும். சனிக்கிழமை காலையில் எடுத்து வந்து ஞாயிறு மாலைக்குள் முடித்துவிடலாம் என்று வீட்டுக்காரர் நினைப்பார்.

சுவிட்சைப் போட்டதும் யந்திரம் அவரை இழுத்துக் கொண்டு ஓடும்! ஓடும்போது பிழை இல்லை. நின்றால்தான் பிழை. உருளை சுற்றிக் கொண்டிருக்கும்போது ஒரே இடத்தில் கண நேரம் நின்றால் போதும். தரையில் பள்ளம் விழுந்துவிடும். முதலில் அது கண்ணுக்குப் படாது. மெருகு பூசி, ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்போது அலை அலையாகத் தெரியும்.

அதைவிடப் பெரிய நஷ்டம் வேறு. பலகைத் தரையை எத்தனை முறை தேய்க்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு.

பலகையின் கனம் பொதுவாக முக்கால் அங்குலம். ஒரு பலகையின் ஓரத்தில் நாக்கு நீண்டிருக்கும். பக்கத்துப் பலகையில் அதற்குக் காடி வெட்டியிருக்கும். நாக்கு காடிக்குள் போய் உட்காரும். நாக்கின் மேல்தான் ஆணியைச் சாய்வாக அடிப்பார்கள். அதனால் மேலிருந்து ஆணி தெரியாது. அந்த நாக்குக்கு மேலே இருப்பது கால் அங்குல மரம்தான். அதுதான் தரையின் ஆயுசு!

கைதேர்ந்தவர் தேய்த்தாலே அங்குலத்தில் 32-ல் ஒரு பங்கு போய்விடும். கைப்பழக்கம் இல்லாதவர் அதைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு தின்று விடுவார். தாத்தா காலத்தில் ஒரு தடவை, அப்பா காலத்தில் ஒரு தடவை தேய்த்திருந்தால் மிச்சம் எவ்வளவு? ஆணித் தலை அங்கங்கே எட்டிப் பார்க்கத் தொடங்கினால் கணக்குத் தீர்ந்தது என்று பொருள். அதற்கு மேல் யந்திரம் போட்டால் காடியின் மேல் உதடு பிளந்து சிம்பு சிம்பாகப் பெயரும்.

கனத்தை அளக்கத் தரையை உடைக்க வேண்டியதில்லை. குளிர்நாட்டு வீடுகளில் சூட்டுக் காற்று வரத் தரையில் இரும்புச் சல்லடை வைத்திருப்பார்கள். அதைக் கழற்றினால் பலகையின் விளிம்பு தெரியும். அளவுகோலை வைத்துப் பார்த்துக் கொள்ளலாம்.

“சுரண்டாதே” சங்கம்

இந்தச் சண்டை புதிதல்ல. 1877-ல் இங்கிலாந்தில் வில்லியம் மாரிஸ் என்ற கவிஞர் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். புதுப்பிக்கிறோம் என்று சொல்லிப் பழைய மாதா கோயில்களின் சுவர்ப் பூச்சைச் சுரண்டித் தள்ளுவதை அவர் எதிர்த்தார். அதனால் அவருடைய சங்கத்துக்குச் “சுரண்டாதே” என்றே செல்லப் பெயர் வந்துவிட்டது. நூறு வருஷம் கழித்து அமெரிக்க அரசாங்கம் பழங்கட்டடங்களுக்கு வகுத்த விதிகளிலும் இதே கருத்துத்தான்: பழுது பார்க்க முடிந்ததை மாற்றாதே.

தரை விஷயத்தில் இதற்கு என்ன அர்த்தம்? முதலில் சோப்பு நீரில் துடைத்துப் பார்ப்பது. மங்கலாக இருப்பது பாதி நேரம் மரம் அல்ல. அதன் மேல் படிந்த பழைய மெருகும் அழுக்கும்தான்.

அந்த மெருகு எது என்று கண்டுபிடிக்கச் சுலபமான சோதனை உண்டு. மூலையில் இரண்டு சொட்டு ஸ்பிரிட் விடுங்கள். பிசுபிசுவென்று இளகினால் அது அவலரக்கு. நம் நாட்டுச் சரக்கு! பலாச மரத்திலும் இலந்தை மரத்திலும் குடியிருக்கும் சிறு பூச்சி சுரக்கும் பிசின்தான் கொம்பரக்கு. அதை உருக்கி, மெல்லிய தகடாக இழுத்து, நொறுக்கினால் அவலரக்கு. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காடுகளில் இன்றும் சேகரிக்கிறார்கள். பழைய கிராமபோன் தட்டுக்கும் இதுதான் மூலப் பொருள். பாரதத்தில் அரக்கு மாளிகை எரிந்தது. அமெரிக்காவிலோ அரக்குத் தரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

அரக்குப் பூச்சில் ஒரு வசதி. பழைய பூச்சின் மேல் புதுப் பூச்சு கொடுத்தால் இரண்டும் கரைந்து ஒன்றாகிவிடும். தேய்க்கவே வேண்டாம். குறையும் உண்டு, தண்ணீர் தங்கினால் வெள்ளை வளையம் விழும். 1960-களுக்குப் பிறகு பரவிய பாலியூரிதேன் பூச்சுக்குத் தண்ணீர் பயம் இல்லை. ஆனால் கீழே பழைய மெழுகு கொஞ்சம் இருந்தாலும் அது பிடிக்காது. தோல் உரிந்த மாதிரி உரியும்.

கறையும் இடைவெளியும்

ஓக் மரத் தரையில் ஆணியைச் சுற்றிக் கறுப்புக் கறை இருக்கும். எத்தனை தேய்த்தாலும் போகாது. ஏன்? அந்த மரத்தில் துவர்ப்புச் சத்து அதிகம். இரும்பும் ஈரமும் சேர்ந்தால் கறுத்துவிடும். நம் முன்னோர் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே ரசாயனம்தான். இதற்கு உப்புத்தாள் மருந்தல்ல. ஆக்ஸாலிக் அமிலத்தைக் கரைத்துப் பூசி, பிறகு நன்றாகக் கழுவினால் கறை கலையும்.

பலகைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கண்டால் புது வீட்டுக்காரருக்குக் கை அரிக்கும். மக்கு வைத்து அடைத்துவிடுவார். குளிர்காலத்தில் வீட்டுக்குள் சூடேற்றும்போது மரம் சுருங்கி இடைவெளி விரியும். கோடை வந்ததும் மரம் உப்பி அந்த மக்கைப் பிதுக்கி வெளியே தள்ளும். சும்மா விடுவதே நல்லது. மிக அகலமான சந்துகளில் பழைய தச்சர்கள் கயிற்றைத் திணித்தார்கள். கயிறு அமுங்கிக் கொடுக்கும், மறுபடி எழும்பும்.

ஒரு பலகை உளுத்தே போய்விட்டால்? கடையில் வாங்கும் புதுப் பலகை நிறத்திலும் ரேகையிலும் ஒட்டாது. துணி வைக்கும் அறைக்குள், யாரும் பார்க்காத தரையிலிருந்து ஒன்றைப் பெயர்த்து நடு அறையில் பொருத்துவார்கள். புதுப் பலகை அந்த அறைக்குள் போய்விடும்!

உயிருக்கு ஆபத்து

இரண்டு விஷயங்களில் விளையாட்டு கூடாது. கம்பளத்தைத் தூக்கும்போது 9 அங்குலச் சதுர ஓடுகளோ, தார் போன்ற கறுப்புப் பசையோ தென்பட்டால் கையை எடுத்துவிட வேண்டும். அவற்றில் கல்நார் இருக்கக்கூடும். தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத இழைகள் பறந்து நுரையீரலில் தங்கும். வருஷங்கள் கழித்துப் புற்றுநோயாக வரும். பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கும்; வீட்டு வர்ணத்தில் அதை அமெரிக்கா 1978-ல்தான் தடை செய்தது. அந்தத் தூசி குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். சோதனைச்சாலைக்கு ஒரு துண்டை அனுப்பிப் பார்த்த பிறகே அடுத்த வேலை.

மற்றொன்று எண்ணெய்த் துணி. ஆளி விதை எண்ணெய் காய்வது என்றால் காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்வது. அப்போது உஷ்ணம் பிறக்கும். விரித்துப் போட்ட துணியில் உஷ்ணம் பறந்துவிடும். சுருட்டி எறிந்த துணியில் உள்ளேயே சேர்ந்து, தீக்குச்சி இல்லாமலே பற்றிக் கொள்ளும்!

1991 பிப்ரவரி 23-ந்தேதி பிலடெல்பியா நகரில் 38 மாடிக் கட்டடம் ஒன்று இப்படித்தான் எரிந்தது. மரச் சுவர்ப் பலகைகளுக்கு மெருகேற்றிய வேலையாட்கள் எண்ணெய்த் துணிகளை 22-வது மாடியில் விட்டுப் போயிருந்தார்கள். நெருப்பு எட்டு மாடிகளை விழுங்கியது. தீயணைப்பு வீரர்கள் மூன்று பேர் மாண்டார்கள். கட்டடத்தையே 1999-ல் இடித்துத் தள்ளினார்கள். மரவேலைக்காரர்கள் இப்போது துணியைத் தண்ணீர் நிரம்பிய தகர டப்பாவில் போட்டு மூடுகிறார்கள். அல்லது வெளியே கொடியில் தனித்தனியாக விரிக்கிறார்கள்.

மெருகு காய்ந்த பிறகு நாற்காலிக் கால்களுக்குக் கம்பளித் துண்டு ஒட்ட வேண்டும். குதிகால் உயர்ந்த செருப்புக்கு வாசலிலேயே தடை. செருப்பைக் கழற்றி விட்டு வீட்டுக்குள் வரும் வழக்கம் அமெரிக்காவில் இப்படியும் பரவுகிறது! சமையலறைக் கதவடியில் தலைமுறை தலைமுறையாகக் கால்பட்டுக் குழிந்த பலகையை மட்டும் யந்திரம் தொடாமல் விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த ஓரிடத்தில் முழந்தாளிட்டு உட்கார்ந்து, கையால் அழுக்கை எடுத்து, மெழுகு மட்டும் தேய்க்கிறார்கள்.