பேரில் கிராமம், கணக்கில் நகரம்: அஞ்சுகிராமத்தில் நூறு நாள் வேலை ஏன் இல்லை?

கன்னியாகுமரி மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது அஞ்சுகிராமம். பேரிலேயே 'கிராமம்' இருக்கு. ஆனால் இது பேரூராட்சி என்பதால், அரசின் கணக்கில் நகர்ப்புறம்.

பேர் எப்படி இருந்தா என்ன, இதுல என்ன சிக்கல்?

சிக்கல் கூலியில் இருக்கிறது. 2005ல் வந்த தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம், ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 100 நாள் வேலைக்கு உறுதி தந்தது. ஊரகப் பகுதிக்கு மட்டும். அஞ்சுகிராமத்துக்குக் கிழக்கே மாவட்ட எல்லையைத் தாண்டினால் திருநெல்வேலி மாவட்டத்தின் ராதாபுரம் தாலுகா. அங்கே ஊராட்சியில் வசிப்பவர் வேலை அட்டை வாங்க முடிந்தது. இந்தப் பக்கம், அதே வயல் வேலைக்குப் போகிறவருக்கு அந்த உரிமை கிடையாது. அதற்குப் பதிலாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 125 நாள் வேலைச் சட்டமும் ஊரகத்துக்குத்தான்.

ஒரு ஊரை நகரம் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இரண்டு வழி உண்டு. ஒன்று, குறைந்தது 5,000 பேர் இருக்க வேண்டும். ஆண் முதன்மைத் தொழிலாளர்களில் 75 சதவீதமாவது விவசாயம் அல்லாத வேலையில் இருக்க வேண்டும். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது வசிக்க வேண்டும். இன்னொன்று ரொம்ப சுலபம். மாநில அரசு பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்று அறிவித்திருந்தாலே போதும், அது நகரம். மக்கள் என்ன வேலை பார்க்கிறார்கள் என்ற கேள்வியே எழாது.

குமரி மாவட்டத்தில் 95 ஊராட்சிகள்தான். பேரூராட்சிகளோ 50க்கும் மேல். அதனால்தான் 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் 82 சதவீத மக்கள் நகர்ப்புறத்தினர் ஆனார்கள். சென்னைக்கு அடுத்து மாநிலத்திலேயே இதுதான் அதிகம். மாநில சராசரி 48 சதவீதம்தான்.

இதை மாற்றவே முடியாதா?

ஏற்கெனவே மாற்றியிருக்கிறார்கள். 2004ல் தமிழக அரசு 500க்கும் மேற்பட்ட பேரூராட்சிகளை 'சிறப்பு கிராம ஊராட்சி'களாக அறிவித்தது. ஊரக வளர்ச்சிக்கான மத்திய நிதியைப் பெறுவது ஒரு காரணம். 2006ல் அவை மறுபடியும் பேரூராட்சி ஆயின. இடையில் ஊரும் வயலும் அப்படியேதான் இருந்தன. மாறியது அரசாணை மட்டும்.

2025 தொடக்கத்தில் ஊராட்சிகளை நகராட்சி, மாநகராட்சிகளோடு இணைக்கும் அறிவிப்பு வந்தபோது பல ஊர்களில் மக்கள் எதிர்த்ததற்கும், நூறு நாள் வேலை போய்விடும் என்ற பயம் முக்கியக் காரணம்.

வேறு வழி?

பக்கத்து கேரளத்தில் நகர்ப்புற ஏழைகளுக்காக அய்யன்காளி நகர்ப்புற வேலை உறுதித் திட்டம் 2010லேயே வந்துவிட்டது. தமிழகத்தில் கொரோனாவுக்குப் பிறகான பொருளாதாரத்தை ஆராய்ந்த சி.ரங்கராஜன் குழு, நகரங்களுக்கும் இப்படி ஒரு திட்டம் வேண்டும் என்று 2020ல் பரிந்துரைத்தது. அடுத்து ரூ.100 கோடியில் முன்னோட்டத் திட்டம் வந்தது. ஆனால் அதில் மாவட்டத்துக்கு ஒரு பேரூராட்சிக்குத்தான் இடம்.

தரவு பக்கமும் வழி இருக்கிறது. ஐ.நா. புள்ளியியல் ஆணையம் 2020ல் ஏற்றுக்கொண்ட முறையில், நிலத்தை ஒரு சதுர கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, மக்கள் எவ்வளவு நெருக்கமாக வசிக்கிறார்கள் என்று பார்க்கிறார்கள். நகரம், ஊரகம் இரண்டுக்கும் நடுவே 'சிறுநகரம்' என்ற மூன்றாவது வகையும் அதில் உண்டு. எந்த நாட்டு அரசாணையில் என்ன பேர் என்பது அங்கே செல்லாது.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படைத் தேதி. வீட்டுக்கு வரும் கணக்கெடுப்பாளர் என்ன வேலை செய்கிறீர்கள் என்று நிச்சயம் கேட்பார். அந்தப் பதில்களை வார்டு வாரியாக எடுத்து, விவசாயக் கூலிகள் அதிகமுள்ள பேரூராட்சி வார்டுகளுக்கு முதலில் வேலை தரலாம். மாவட்ட சராசரியில் காணாமல் போகும் அஞ்சுகிராமத்துக் கூலித் தொழிலாளி, வார்டு கணக்கில் கண்ணுக்குத் தெரிவார்.