கரைமேல் காவல் – 11: நெருப்பு அணைந்த கல்வட்டம்

தென்கொரியாவின் ஜெஜு தீவில், வடகிழக்குக் கரையோரத்து ஹாதோ கிராமத்தில் 2006-ல் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஆக்சிஜன் உருளை இல்லாமல், மூச்சடக்கிக் கடலில் முங்கி, நத்தையும் பாசியும் எடுத்துப் பிழைக்கும் ஹேன்யோ பெண்களுக்கானது அது.

ஜெஜு நகரத்தில் கட்டியிருந்தால் கூட்டம் எளிதாக வந்திருக்கும். ஆனாலும் ஹாதோதான் சரியான இடம். ஜப்பானிய ஆட்சிக்காலத்தில், கடலிலிருந்து எடுத்து வந்த சரக்குக்கு அடிமாட்டு விலை வைத்த சங்கத்தை எதிர்த்து, 1932 ஜனவரியில் சேஹ்வா சந்தைக்கு ஊர்வலமாகக் கிளம்பியவர்கள் இந்த ஊர்ப் பெண்கள். முன்னால் நின்றவர்கள் இரவுப்பள்ளியில் எழுத்துக் கற்றவர்கள். அந்தப் போராட்டத்தின் நினைவுத்தூண் இதே வளாகத்தில் நிற்கிறது.

உள்ளே இருக்கும் கருவிகள் எளிமையானவை. தேவாக் என்ற மிதவை முன்பு சுரைக்குடுக்கை, இப்போது தெர்மோகோல். அதில் தொங்கும் வலைப்பையில் பிடித்ததைப் போடுவார்கள். பிட்சாங் தட்டையான இரும்புக்கோல். பாறையில் ஒட்டிய அபலோன் நத்தையைப் பெயர்க்க உதவும். நழுவாதிருக்க மணிக்கட்டில் கயிறு கட்டியிருக்கும். நெம்பும்போது நத்தை கோலை இறுக்கிக்கொண்டு, கயிறும் கழலாவிட்டால் அந்தப் பெண் மேலே வர முடியாது. அப்படிப் போன உயிர்கள் உண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பிட்சாங்கை இது தெரிந்து பார்க்க வேண்டும்.

எனக்கு முக்கியமாகப் படுவது புல்தொக். காற்றைத் தடுக்க வட்டமாகக் கல் அடுக்கி, நடுவில் தீ மூட்டிய இடம். பருத்தி உடையில் பனிக்காலக் கடலில் அதிக நேரம் தாங்காது. ஏறி வந்து குளிர்காய்ந்துவிட்டு மறுபடி இறங்குவார்கள். புகை படாத பக்கம் சாங்குன் எனப்படும் தேர்ந்த பெண்களுக்கு. எந்தப் பாறையில் என்ன கிடைக்கும், நீரோட்டம் எப்போது திரும்பும், எந்த அளவுக்குக் குறைந்த நத்தையைத் தொடக் கூடாது என்பதெல்லாம் இளையவர்கள் காதில் விழுந்தது இந்தத் தீயைச் சுற்றித்தான். முதிர்ந்து தளர்ந்தவர்களுக்கென ஆழமில்லாத கடலை ஒதுக்கிவைத்த சமூகம் அது.

1970-களில் ரப்பர் உடை வந்தது. பல மணி நேரம் நீரில் இருக்க முடிந்ததால் வருமானம் கூடியது. தீ தேவைப்படவில்லை. வெந்நீர் வரும் உடைமாற்றும் அறைகளும் வந்தன. அருங்காட்சியகத்தால் கற்களை மறுபடி அடுக்கிவைக்க முடிந்தது. அங்கே நடந்த பேச்சை அடுக்க முடியாது.

யுனெஸ்கோ 2016-ல் இந்தப் பண்பாட்டைத் தன் பட்டியலில் சேர்த்தது. 1960-களில் 20,000-க்கு மேல் இருந்தவர்கள் இப்போது 3,000-க்கும் குறைவு. பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். கற்றுக்கொடுக்கப் பள்ளிகள் திறந்திருக்கிறார்கள். ஆனால் பள்ளியில் தேறினால் மட்டும் கடலில் இறங்கிவிட முடியாது. ஊர் மீனவர் கூட்டமைப்பு ஏற்க வேண்டும். கிடைப்பதே குறைந்துவரும் கடலில் வெளியூர்ப் பெண்ணுக்குப் பங்கு கொடுக்க ஊர் தயங்குகிறது. அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் கட்டடத்துக்குக் காட்டிய அக்கறையில் ஒரு பங்கை, இந்தப் புதிய பெண்களை ஊரும் கடலும் ஏற்கும்படி செய்வதற்கு ஜெஜு இப்போதே செலவிட வேண்டும்.

(தொடரும்)