ஒரே வாய்ப்பும் சிறிய அணிகளும்: அயர்லாந்தின் 2020 கேலிக் உதைபந்தாட்டப் பருவம்

தோல்வியுற்ற அணிக்கு மறுவாய்ப்பு வழங்குவது நீதியா, அன்றி ஒரு தோல்வியுடன் அதனை வெளியேற்றுவது நீதியா என்பது விளையாட்டுத்துறையில் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருகின்ற வினாவாகும். மேலோட்டமாக நோக்குமிடத்து, மறுவாய்ப்பே பலவீனமான அணிகளுக்கு அனுகூலமானது எனத் தோன்றும். ஆனால், கொரோனாப் பெருந்தொற்றின் மத்தியில் 2020 ஆம் ஆண்டு நடைபெற்ற அகில அயர்லாந்து கேலிக் உதைபந்தாட்டச் சம்பியன்ஷிப் இதற்கு நேர்மாறானதோர் உண்மையை வெளிப்படுத்தியது. அத்துடன், ஒரு நூற்றாண்டுக்கு முந்திய துயரமொன்றின் நினைவும் அப்பருவத்துடன் பின்னிப்பிணைந்திருந்தது. எனவே அதனை இங்கு சற்று விரிவாக நோக்குவது பொருத்தமானதென நாம் கருதுகின்றோம்.

கேலிக் உதைபந்தாட்டம் நாம் அறிந்த உதைபந்தாட்டத்திலிருந்து வேறுபட்டது. அணிக்கு 15 வீரர்கள். பந்தைக் கையாலும் காலாலும் கையாளலாம். கம்பங்களுக்கிடையே குறுக்குக் கம்பத்தின் கீழாகப் பந்து சென்றால் அது கோல். மேலாகச் சென்றால் ஒரு புள்ளி. ஒரு கோல் மூன்று புள்ளிகளுக்குச் சமமானது. (2025 இல் புதிய விதிகளின் கீழ் தொலைவிலிருந்து உதைக்கப்படும் பந்துக்கு இரு புள்ளிகள் வழங்கும் முறையும் அறிமுகமானது.) 1884 ஆம் ஆண்டு தர்லஸ் நகரில் ஆரம்பிக்கப்பட்ட கேலிக் மெய்வல்லுநர் சங்கமே இவ்விளையாட்டை நிர்வகிக்கின்றது. வீரர்களுக்குச் சம்பளம் கிடையாது. பொதுவாக ஒருவர் தமது சொந்தக் கவுண்டிக்காகவே விளையாடுவார். பணம் கொடுத்து வீரர்களை வாங்கும் சந்தை இங்கு இல்லை. ஆகவே, ஓர் அணியின் வெற்றியும் தோல்வியும் அந்த மண்ணின் மக்களுக்குரியவையாகவே கொள்ளப்படுகின்றன.

அல்ஸ்டர், லென்ஸ்டர், மன்ஸ்டர், கொனாட் ஆகிய நான்கு மாகாணங்களிலும் முதலில் மாகாணச் சம்பியன்ஷிப் நடைபெறும். அதன் பின்னர் தேசியக் கட்டம் ஆரம்பமாகும். 1887 இல் தொடங்கிய இச்சுற்றுப்போட்டி 2000 ஆம் ஆண்டு வரை அடிப்படையில் விலகல் முறையிலேயே, அதாவது நொக் அவுட் முறையிலேயே நடத்தப்பட்டது. கோடை முழுவதும் பயிற்சி பெற்ற ஓர் அணி ஒரே போட்டியுடன் வீடு திரும்புவது அநீதியானது என்ற வாதத்தின் பேரில், 2001 இல் தோல்வியுற்ற அணிகளுக்கும் மறுவாய்ப்பு வழங்கும் 'பின்கதவு' முறை புகுத்தப்பட்டது.

சிறிய கவுண்டிகளுக்கு மேலதிகப் போட்டிகள் கிடைத்தமை உண்மையே. எனினும், இறுதியில் அந்தக் கதவு வழியாகக் கிண்ணத்தை அடைந்தவர்கள் யார்? 2001 இல் கோல்வே, 2005 இலும் 2008 இலும் டைரோன், 2006 இலும் 2009 இலும் கெரி, 2010 இல் கோர்க் ஆகிய வலிமைமிக்க அணிகளே மறுவாய்ப்பின் மூலம் சம்பியனாகின. ஒரு நாள் தடுமாறிய பலசாலி மீண்டெழுவதற்கே இம்முறை பெரிதும் உதவியது எனலாம். 2018 இலும் 2019 இலும் காலிறுதியானது எட்டு அணிகள் கொண்ட குழுச் சுற்றாக மாற்றப்பட்டது. இதனால் அரையிறுதிக்குச் செல்வது சிறிய அணிகளுக்கு மேலும் கடினமாயிற்று.

2020 இல் பெருந்தொற்று இவை அனைத்தையும் புரட்டிப் போட்டது. கோடைகாலத்தில் நடைபெற வேண்டிய சம்பியன்ஷிப் ஒக்டோபர் மாத இறுதிக்குத் தள்ளிப்போனது. கால அவகாசம் போதாமையால் பின்கதவும் குழுச் சுற்றும் கைவிடப்பட்டன. மாகாணச் சம்பியன்கள் நால்வரும் நேரடியாக அரையிறுதியில் மோதுவர். ஒரு தோல்வியுடன் பருவம் முடிந்துவிடும் என்பதே விதி. நாடு கடும் முடக்கத்தில் இருந்தபோதிலும் போட்டிகளை நடத்த அரசாங்கம் அனுமதித்தது. ஆனால் அரங்குகளில் பார்வையாளர்கள் இல்லை. தொற்றுக் காரணமாக ஸ்லைகோ அணி களமிறங்காமலேயே விலக நேரிட்டது.

இந்நிலையில் எவரும் எதிர்பாராத முடிவுகள் வெளிவந்தன. இரு வாரங்களுக்கு முன்னர்தான் தேசிய லீக் பட்டத்தை வென்றிருந்த கெரி அணியை, மேலதிக நேரத்தின் இறுதித் தருணத்தில் பெற்ற கோலின் மூலம் கோர்க் வெளியேற்றியது. முன்னைய முறை இருந்திருப்பின் கெரி பின்கதவு வழியே திரும்பியிருக்கும். இம்முறை அதற்கு வழியிருக்கவில்லை. அல்ஸ்டரில், மொனகன் அணிக்கெதிராகக் கேவன் அணியின் தலைவரும் கோல்காப்பாளருமான ரேமண்ட் காலிகன் மேலதிக நேர முடிவில் வெகு தொலைவிலிருந்து உதைத்த பந்து வெற்றிப் புள்ளியாயிற்று. மன்ஸ்டரில், லிமரிக் அணியிடம் தோற்கவிருந்த டிப்பரரியை, தலைவர் கோனர் சுவீனி பக்கக் கோட்டருகிலிருந்து உதைத்த பிரீ கிக் மேலதிக நேரத்துக்கு இட்டுச்சென்று காப்பாற்றியது. டிப்பரரி ஹேர்லிங் விளையாட்டுக்குப் பெயர்பெற்ற கவுண்டியாகும். உதைபந்தாட்டத்தில் மன்ஸ்டர் பட்டத்தை அது இறுதியாக வென்றது 1935 இல்.

இவ்விடத்தில் 1920 நவம்பர் 21 ஆம் திகதியை நினைவுகூர வேண்டியுள்ளது. அயர்லாந்து விடுதலைப் போர் நடைபெற்றுக்கொண்டிருந்த காலம் அது. அன்று காலை டப்ளினில் பிரித்தானியப் புலனாய்வாளர்கள் பலரை மைக்கல் கொலின்ஸின் ஆட்கள் சுட்டுக்கொன்றனர். அன்று பிற்பகல் குரோக் பார்க் மைதானத்தில் டப்ளினும் டிப்பரரியும் நட்புரீதியான போட்டியொன்றில் விளையாடிக்கொண்டிருந்தன. மைதானத்துக்குள் நுழைந்த அரச படையினர் கூட்டத்தை நோக்கிச் சுட்டனர். ஏறத்தாழ 90 விநாடிகள் நீடித்த அச்சூட்டினாலும் நெரிசலாலும் 14 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் டிப்பரரி வீரர் மைக்கல் ஹோகனும் 10, 11, 14 வயதுச் சிறுவர்கள் மூவரும் அடங்குவர். 'இரத்த ஞாயிறு' என அழைக்கப்படும் அந்நாளில் மாண்ட பார்வையாளர்கள் பலரின் கல்லறைகள் நெடுங்காலமாகப் பெயர் பொறிக்கப்படாமலேயே கிடந்தன. நூற்றாண்டு நெருங்கிய ஆண்டுகளிலேயே கேலிக் மெய்வல்லுநர் சங்கம் அவற்றுக்கு நினைவுக்கற்களை நாட்டத் தொடங்கியது.

2020 நவம்பர் 21 ஆம் திகதி மாலை, டப்ளினுக்கும் மீத்துக்கும் இடையிலான லென்ஸ்டர் இறுதிப் போட்டிக்கு முன்னர், வெறுமையான குரோக் பார்க்கில் 14 தீபங்கள் ஏற்றப்பட்டு மாண்டவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டன. அப்போதைய ஜனாதிபதி மைக்கல் டி. ஹிக்கின்ஸ் மலர்வளையம் வைத்து அஞ்சலி செலுத்தினார். மறுநாள், 1920 அணியின் சீருடையை நினைவூட்டும் வெண்மையும் பச்சையும் கலந்த உடையில் களமிறங்கிய டிப்பரரி, கோர்க்கை 17 இற்கு 14 என்ற புள்ளிகளில் வென்று 85 ஆண்டுக் காத்திருப்புக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதே நாளில் கேவன் அணி டொனிகோலை வீழ்த்தி 1997 இற்குப் பின்னர் முதன்முறையாக அல்ஸ்டர் பட்டத்தைக் கைப்பற்றியது. இதனால் அரையிறுதிகள் டப்ளின் - கேவன், மேயோ - டிப்பரரி என அமைந்தன. 1920 ஆம் ஆண்டுச் சம்பியன்ஷிப்பின் அரையிறுதிகளும் இவையே என்பது குறிப்பிடத்தக்கது. போரின் காரணமாக 1922 இல் நடைபெற்ற அந்த இறுதிப் போட்டியில் டப்ளினை வென்று டிப்பரரி சம்பியனாகியிருந்தது.

ஆயினும் வரலாறு அதற்கு மேல் மீளவில்லை. டப்ளின் 1 கோல் 24 புள்ளிகளைப் பெற, கேவனால் 12 புள்ளிகளையே பெற முடிந்தது. மேயோ 5 கோல் 20 புள்ளிகளுடன் டிப்பரரியின் 3 கோல் 13 புள்ளிகளை முறியடித்தது. டிசெம்பர் 19 ஆம் திகதி இறுதிப் போட்டியில் மேயோவை 2 கோல் 14 புள்ளிகளுக்கு 15 புள்ளிகள் என வென்ற டப்ளின், தொடர்ந்து ஆறாவது முறையாகக் கிண்ணத்தைச் சுவீகரித்தது. இச்சாதனையை அதற்கு முன்னர் எந்த அணியும் நிகழ்த்தியிருக்கவில்லை. 2016 குடிசன மதிப்பீட்டின்படி டப்ளினின் சனத்தொகை 13 இலட்சத்துக்கும் அதிகம். கேவனின் சனத்தொகை ஏறக்குறைய 76,000 மட்டுமே. போதாததற்கு, 2000 களின் நடுப்பகுதியிலிருந்து இளையோர் பயிற்சிக்கென டப்ளினுக்கு வழங்கப்பட்ட விசேட நிதியும் கடும் விமர்சனத்துக்குள்ளாகியிருந்தது.

அடுத்த ஆண்டு லீக்கில் கேவன், டிப்பரரி ஆகிய இரு மாகாணச் சம்பியன்களும் நான்காம் பிரிவுக்குத் தரமிறக்கப்பட்டன. 2021 சம்பியன்ஷிப்பும் விலகல் முறையிலேயே நடைபெற்றது. ஆனால் 2022 இல் மறுவாய்ப்பு திரும்பியது; கீழ்நிலை அணிகளுக்கென டெயில்டின் கிண்ணம் என்ற தனிச் சுற்றுப்போட்டியும் ஆரம்பிக்கப்பட்டது. 2023 முதல் பிரதான சுற்றில் குழு நிலைப் போட்டிகள் இடம்பெற்றன. தத்தமது தரத்துக்கேற்ற போட்டிகள் கிடைப்பதால் இவ்வேற்பாடு சிறிய அணிகளுக்கு நன்மையானது என்போர் உள்ளனர். அக்கருத்தைப் புறந்தள்ளிவிட முடியாது.

எவ்வாறாயினும், 2020 ஆம் ஆண்டின் அனுபவம் இரு விடயங்களைத் தெளிவாக உணர்த்துகின்றது. போட்டிகளின் எண்ணிக்கை அதிகரிக்க அதிகரிக்க, வளமும் ஆட்பலமும் உள்ளவரின் கையே ஓங்குகின்றது. ஒரேயொரு நாளில் அனைத்தும் தீர்மானிக்கப்படும்போதுதான் சிறியவருக்கும் ஒரு வழி திறக்கின்றது. அதேவேளை, அவ்வழி திறந்துவிட்டதாலேயே வளங்களுக்கிடையிலான ஏற்றத்தாழ்வு மறைந்துவிடுவதில்லை என்பதையும் அந்த அரையிறுதிகள் காட்டிவிட்டன. போட்டி முறையை மாற்றுவதுடன் தமது கடமை முடிந்துவிட்டதாக நிர்வாகிகள் கருதுவார்களாயின் அது தவறாகும். நிதியையும் பயிற்சியையும் நியாயமாகப் பங்கிடாதவரை, டிப்பரரிக்கும் கேவனுக்கும் அந்த நவம்பர் ஞாயிறு கிட்டியது போன்ற வெற்றி, தலைமுறைக்கு ஒருமுறை வாய்க்கும் அதிசயமாகவே இருந்துவிடும்.