'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்' நடிகரின் பெயர் கரீபியன் தீவுக்குப் போனது எப்படி?

'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்' நடிகர் பெனடிக்ட் கம்பர்பேட்ச் தெரியும்தானே? அவரோட குடும்பப் பெயர் இங்கிலாந்திலேயே அபூர்வம். செஷயர் பகுதியில் உள்ள ஒரு சின்ன கிராமத்தின் பெயரிலிருந்து வந்தது. ஆனா, கரீபியன் தீவான பார்படாஸில் கறுப்பினக் குடும்பங்கள் பலவற்றுக்கும் இதே பெயர்தான்!

காரணம், கரும்பு. 18-ம் நூற்றாண்டில் கம்பர்பேட்ச் குடும்பத்துக்கு அங்கே தோட்டங்கள் இருந்தன. வெட்டியவர்கள், ஆப்பிரிக்க அடிமைகள். விடுதலைக்குப் பிறகு அவர்களில் பலருக்கு முதலாளியின் பெயரே நிலைத்துவிட்டது.

அடிமை முறையை ஒழிக்க 1833-ல் சட்டம் போட்ட பிரிட்டன், 2 கோடி பவுண்டு இழப்பீடும் ஒதுக்கியது. யாருக்கு? அடிமைகளுக்கு இல்லை, முதலாளிகளுக்கு! கம்பர்பேட்ச் குடும்பமும் வாங்கியது. இதற்காக வாங்கிய கடனை பிரிட்டன் கட்டி முடித்தது 2015-ல்தான்.

'12 இயர்ஸ் எ ஸ்லேவ்' படத்தில் அடிமைகளை வைத்திருக்கும் முதலாளியாக நடித்தவரும் இதே பெனடிக்ட்தான்.